தாச்சியில் வறுத்த செங்காவி, பனங்கட்டியில் ஊறிய கறுப்பு: வன்னி வகுப்பறைக்குச் சில சித்திர வேலைகள்

சித்திரப் பாடத்தில் ‘புகழ்பெற்ற ஓவியர்கள்’ என்று வந்தால் பெரும்பாலான வகுப்புகளில் நடப்பது ஒன்றுதான். வான் கோ 1889இல் வரைந்த ‘விண்மீன் இரவு’ போனில் தேடி எடுக்கப்படும். ஏ4 தாளில் அச்சாகி வரும். வகுப்பு முழுக்க அதைப் பார்த்துப் பஸ்ரலால் தேய்க்கும். எல்லோர் பெட்டியிலும் நீலக் குச்சி முதலில் முடியும். ஒட்டுசுட்டான் பிள்ளை கண்ணால் காணாத சைப்ரஸ் மரத்தை வரைந்துகொண்டிருக்க, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நிற்கிற பாலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு ஓவியரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய வேலைமுறை. என்ன பொருளைக் கையில் எடுத்தார், எதைச் செய்வதில்லை என்று தனக்கே விதி வைத்தார், எதை முதலில் செய்து எதைப் பிறகு செய்தார் என்பதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, வரைகிற விடயத்தை ஊருக்குள் தேடச் சொன்னால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி வரும். வன்னியில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. பழைய மரபுகள் பலவும் மண், பிசின், அரிசி, கரி, இரும்பு, பால் என்பவற்றால் நடந்தவை. இவற்றுக்காக வவுனியாவுக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

கீழே உள்ளவை தரம் 6 தொடக்கம் 11 வரை பொருந்தும். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்தால்தான் நிம்மதியாகச் செய்யலாம். ஒற்றைப் பாடவேளையில் மண் குழைத்துக் கை கழுவுவதற்குள் மணி அடித்துவிடும்.

முதலில் நிறம் செய்வோம்

மண் எடுக்கும் இடத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பாடசாலை வளவு, வீட்டு வளவு, உழுத வயல், கிணறு வெட்டிக் குவித்த மண், இவ்வளவுதான். காட்டோரத்தைக் கிளறப் பிள்ளைகளை அனுப்பக்கூடாது. மிதிவெடி என்று எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கத்துக்குப் பெரியவர்களும் போகத் தேவையில்லை.

சிவப்புக்குச் செம்மண். மஞ்சளுக்குக் கிணற்று ஆழத்திலிருந்து வந்த மஞ்சள் மண். கறுப்புக்கு உமிக்கரி அல்லது விளக்குப் புகைக்கரி. முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கறுப்புக் களியைப் பார்த்தால் நல்ல நிறம் போலத் தெரியும், ஆனால் அது ஈரத்தில் ஊதிக் காய்ச்சலில் சுருங்குகிற மண். கோடையில் வயலில் கால் புதையும் அளவுக்கு வெடிப்பது அதனால்தான். தாளில் பூசினாலும் அதே வேலையைக் காட்டும். கொஞ்சம் கலக்கலாம், தனியாக வேண்டாம்.

மண்ணைக் கழுவி எடுக்கும் முறை எளிது, அவசரப்பட்டால்தான் கெடும். 2 கிலோ மண்ணை வாளியில் போட்டு 5 லீற்றர் தண்ணீர் விட்டுக் கையால் நன்றாகக் கரைக்கவும். அரை நிமிடம் விடவும். மணலும் சரளையும் அடியில் இறங்கும், நிறம் தண்ணீரோடு மிதக்கும். அந்தக் கலங்கல் தண்ணீரை மட்டும் இரண்டாவது வாளிக்கு மெல்ல ஊற்றவும். அங்கே ஒரு நிமிடம் விட்டு, பழைய வேட்டித் துணியால் வடித்து மூன்றாவது வாளிக்கு மாற்றவும். அதை ஒரு இரவு அசைக்காமல் விட்டால் காலையில் மேலே தெளிந்த தண்ணீரும் கீழே வழுவழுப்பான சேறும் இருக்கும். தண்ணீரை இறுத்து, சேற்றைத் தட்டில் பரப்பிக் காயவிட்டு, அம்மியில் அரைத்து, மா அரிக்கும் அரிதட்டால் அரித்துப் போத்தலில் போடவும். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்க்கவேண்டும். நறநறவென்றால் திரும்பவும் கழுவ வேண்டியதுதான். மணல் கலந்த நிறம் தாளில் நிற்காது, காய்ந்ததும் கொட்டும்.

இப்போது பிள்ளைகள் வாயைப் பிளக்கிற பகுதி. மஞ்சள் மண் தூள் 3 மேசைக்கரண்டி எடுத்து, பழைய இரும்புத் தாச்சியில் போட்டு, நல்ல தணலில் கிளறிக்கொண்டே வறுக்கவும். முதலில் ஈரம் போகும். பிறகு தாச்சி நன்றாகச் சூடேறியதும் ஓரத்திலிருந்து நிறம் மாறத் தொடங்கும்: மஞ்சள், செம்மஞ்சள், பிறகு செங்கல் நிறம். மஞ்சள் காவியில் இருக்கிற இரும்பு ஒட்சைட்டோடு நீர் சேர்ந்திருக்கிறது. சூட்டில் அந்த நீர் வெளியேற, அது செங்காவியாகிவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வைத்தால் ஒரே மண்ணில் மூன்று நிறம் கையில் இருக்கும். நன்றாகத் தேய்ந்த அலுமினியச் சட்டியில் இதைச் செய்யவேண்டாம். வறுக்கிறவர் ஆசிரியராக இருக்கட்டும். உடைந்த ஓடு, செங்கல் துண்டுகளை இடித்து அரித்தாலும் வறுத்த சிவப்பே கிடைக்கும். அது ஏற்கெனவே சூளையில் வறுபட்ட மண்தானே.

சமையல் மஞ்சளை நிறமாகப் பயன்படுத்தச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறார்கள். வேண்டாம். வெயில் பட்டால் சீக்கிரம் வெளிறும். சுண்ணாம்போ சவர்க்காரமோ பட்ட இடம் குங்குமச் சிவப்பாக மாறும். இரசாயன பாடத்துக்கு நல்ல விளையாட்டு, சித்திரத்துக்கு உதவாது.

இனி ஒட்டுப் பொருள். கண்டிய விகாரை ஓவியர்கள் நிறத்தைக் குழைத்தது விளாம் பிசினில். விளாத்தி வன்னியில் எங்கும் நிற்கிறது. பட்டையில் கசிந்து காய்ந்த கட்டிகளை எடுத்து உடைத்து, 1 பங்கு பிசினுக்கு 2 பங்கு சுடுதண்ணீர் விட்டு ஒரு இரவு ஊறவைத்து வடிக்கவும். வேப்பம் பிசினும் ஆகும். நிறத்தூளை முதலில் வெறும் தண்ணீரில் பசைபோலக் குழைத்து, அதே அளவு பிசின் கரைசலைச் சேர்க்கவும். ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டு விரலால் தேய்க்க வேண்டும். தூள் விரலில் வந்தால் பிசின் காணாது. மினுங்கி, தாளை வளைக்கும்போது வெடித்தால் பிசின் கூடிவிட்டது. எங்கள் சூட்டில் இந்தக் கலவை மூன்று நாளில் நாறும். ஒரு சிட்டிகை இடித்த கராம்பு போட்டால் கொஞ்சம் தாங்கும். தேவைக்கு மட்டும் குழைத்து, மிச்சத்தைத் தூளாகவே வைத்திருப்பது மேல்.

தூரிகைக்கும் ஒரு பழைய வழி இருக்கிறது. கரையோரத் தாழையின் விழுதை 10 சென்ரிமீற்றர் வெட்டி, ஒரு நுனியில் 2 சென்ரிமீற்றர் அளவுக்குக் கல்லால் மெல்லத் தட்டி, இரவு முழுக்க ஊறவைத்து ஊசியால் சீவினால் நார் பிரிந்து தூரிகையாகும். அகலமாகப் பூச நல்லது. மெல்லிய கோட்டுக்கு உதவாது.

மண் பலகையும் வார்லியும்

சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்தில் தீட்டப்பட்ட பெண் உருவங்கள் வெறும் பாறையில் நிற்கவில்லை. பாறைக்கு மேல் உமியும் நாரும் கலந்த களிமண் பூச்சு, அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதற்கு மேல்தான் நிறம். மண்வீடு கட்டிய எந்த வன்னி அப்புவுக்கும் இந்தக் கலவை தெரியும். உமியும் தும்பும் ஏன் என்றால், களிமண் காயும்போது சுருங்குகிறது. நார் அந்த இழுவையைப் பகிர்ந்து கொடுப்பதால் ஒரு பெரிய வெடிப்புக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத சிறு வெடிப்புகளோடு போய்விடும்.

கழுவாத செம்மண் 4 சிரட்டை, அரித்த மணல் 2 சிரட்டை, உமி 1 சிரட்டை, மாட்டுச் சாணம் 1 சிரட்டை, விரல்நீளத்துக்கு வெட்டிய தேங்காய்த் தும்பு ஒரு கைப்பிடி. இது 30 சென்ரிமீற்றர் சதுரமான இரண்டு பலகைக்குப் போதும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் காலால் மிதித்துக் குழைத்து, ஈரச்சாக்கால் மூடி ஒரு இரவு வைக்கவும். புளித்த மண் அடுத்த நாள் நன்றாக ஒட்டும்.

அடிப்பலகைக்கு மெல்லிய பிளைவுட் சரிவராது. தூக்கும்போது அது வளையும், மண் வளையாது. பழைய பெட்டிப் பலகையில் சணல் சாக்குத் துண்டை ஆணி அடித்து இறுக்கி, அதன்மேல் கரைத்த சேற்றுத் தண்ணீரைப் பூசி, சாக்கு ஈரமாக இருக்கும்போதே 1 சென்ரிமீற்றர் தடிப்பில் மண்ணை அழுத்திப் பூசவேண்டும். காய்ந்த சாக்கில் பூசினால் அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மேற்பக்கம் ஈரமாகவும் அடிப்பக்கம் காய்ந்தும் இருக்கிற பலகை நாலாம் நாள் தட்டாகக் கழரும். நிழலில், சோளகக் காற்றுப் படாத இடத்தில் மூன்று நாள் காயட்டும். சோளகம் வீசுகிற காலத்தில் வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் விளிம்பு தூக்கும். வெடித்தால் எறிய வேண்டாம். வெடிப்பை நனைத்து, அரித்த செம்மண்ணும் சாணமும் கலந்த கூழைத் தேய்த்து நிரப்பலாம். கடைசியாக, கழுவிய செம்மண்ணைப் பிசின் தண்ணீரில் கரைத்து மெல்லியதாக ஒரு பூச்சு. சுண்ணாம்புப் பூச்சைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. நீற்றின சுண்ணாம்பும் கண்ணையும் தோலையும் எரிக்கும்.

இந்தப் பலகையில் வரைய வார்லிதான் பொருத்தம். மும்பைக்கு வடக்கே, மகாராஷ்டிரத்து வார்லி மக்கள் தங்கள் செம்மண் சுவரில் அரிசிக் கூழால் வரைகிற சித்திரம் அது. கலியாணத்துக்குப் பெண்கள் வரைந்துவந்ததை, அன்றாடம் வரைகிற கலையாக்கிப் படச்சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் ஜிவ்யா சோமா மாஷே (1934–2018). நிறம் ஒன்றே ஒன்று, வெள்ளை. உருவம் வட்டம், முக்கோணம், சதுரம், கோடு என்பவற்றால் மட்டும். உடம்பு என்பது கூர் தொடுகிற இரண்டு முக்கோணம். முகம் கிடையாது. அதனால் ஆள் என்ன செய்கிறார் என்பதை உடம்பின் சாய்வும் கைகால் கோடும் சொல்லவேண்டும். இதுதான் பிள்ளைக்கு நாம் கொடுக்கிற விதி. ‘வடிவா வரையத் தெரியாது’ என்று ஒதுங்குகிற பிள்ளை இதில் முன்னுக்கு வரும்.

விடயம் தேட அலையத் தேவையில்லை. சூடு மிதிப்பு (நெற்கதிரை மிதித்து நெல் பிரிப்பது), குளக்கட்டில் போகிற எருமைப்பட்டி, முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிற வரிசை. வார்லியில் தார்ப்பா என்ற ஊதுகருவியை நடுவில் வைத்து ஆடுகிறவர்கள் சுருள் வடிவில் வருவார்கள். கரைவலையில் அதே சுருள் கயிறாகிவிடும், கும்மியில் வட்டமாகிவிடும். முக்கோணம் சமமாக நின்றால் ஆள் மரக்கட்டை மாதிரி நிற்பார். மேல் முக்கோணத்தைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்தால் இழுக்கத் தொடங்குவார். ஒரு தாளில் பத்து ஆட்களை, பத்துச் சாய்வில் வரையவிட்டுப் பிறகு பலகைக்குப் போகலாம்.

வெள்ளைக்கு 100 கிராம் பச்சையரிசியை 4 மணித்தியாலம் ஊறவைத்து, மையாக அரைத்து, துணியில் வடித்து, 1 மேசைக்கரண்டி பிசின் கரைசல் சேர்க்கவும். சிவப்பரிசியில் அரைத்தால் தவிடு கலந்து மங்கலாக வரும். இதில் ஒரே ஒரு இடத்தில் எல்லா வகுப்பும் பிசகும். அரிசிக் கூழ் ஈரமாக இருக்கும்போது ஊடுதெரியும், கோடு விழாத மாதிரி இருக்கும். பிள்ளை உடனே அதன்மேல் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று பூசும். காய்ந்ததும் தடித்துப் பொருக்காக உதிரும். பூசிய கோட்டைப் பத்து நிமிடம் பார்க்காமல் இருக்கச் சொல்லிவிட வேண்டும். காயக் காய வெள்ளை தானாக எழும்பி வரும். நுனியைக் கடித்து நாராக்கிய மூங்கில் குச்சிதான் அவர்களுடைய எழுதுகோல். எங்களுக்கு வேப்பங்குச்சி இருக்கிறது.

கலம்காரிக் கறுப்பு

என்னைக் கேட்டால், ஒரு தவணைக்கு ஒரே வேலைதான் செய்யலாம் என்றால் இதைத்தான் செய்யவேண்டும். ஆந்திரத்து ஸ்ரீகாளகஸ்தியில் துணியில் கையால் எழுதுகிற சித்திரம் கலம்காரி. சோழமண்டலக் கரையின் பூந்துணிகளுக்குச் சிவப்பைக் கொடுத்த சாயவேர் எங்கள் பக்கத்திலும் விளைந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதைத் தோண்டுவித்து வியாபாரம் செய்தார்கள். சிவப்பு வகுப்பறைக்குச் சிக்கலான வேலை. கறுப்பு மட்டும் செய்வோம்.

முதல் மூன்று கிழமை இரும்புத் தண்ணீர் தன்பாட்டில் ஊறும், ஆகவே தவணை தொடங்கியதும் போட்டுவிட வேண்டும். 2 லீற்றர் தண்ணீரில் 200 கிராம் பனங்கட்டியைக் கரைத்து, துருப்பிடித்த ஆணி, லாடத் துண்டு, கம்பி என்று 300 கிராம் பழைய இரும்பு போடவும். பனங்கட்டி இல்லையென்றால் சர்க்கரை. மண்பானையோ பிளாஸ்ரிக் வாளியோ போதும். வாயைத் துணியால் கட்டவும், மூடியை இறுக்கவே கூடாது, வாயு வரும். இனிப்புப் புளித்துக் காடியாக, அந்தக் காடி இரும்பைக் கரைக்கும். நாலைந்து நாளில் நுரை வரும், பிறகு அடங்கும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு கரண்டி பிளேன்ரீயில் இரண்டு துளி விடுங்கள். தேத்தண்ணி அந்த இடத்திலேயே மை மாதிரிக் கறுத்தால் தண்ணீர் தயார். சாம்பலாக நின்றால் இன்னும் ஒரு கிழமை.

துணி தனிப் பருத்தியாக இருக்கவேண்டும். ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரியும்: பருத்தி தாள் எரிகிற மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்ரர் உருகி மணியாகத் திரளும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். சவர்க்காரத் தூள் போட்டு ஒரு மணித்தியாலம் அவித்து அலசாவிட்டால் கடுக்காய் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

மருந்துச் சரக்குக் கடையில் கடுக்காய் வாங்கிக் கொட்டையை நீக்கி, தோலை மட்டும் இடித்து அரிக்கவும். 1 மீற்றர் துணிக்கு 50 கிராம் தூள், அரை லீற்றர் பால். எருமைப்பால் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம், அதையே எடுங்கள். கொழுப்புத்தான் இங்கே வேலை செய்கிறது: எழுதுகிற கறுப்பு துணியின் இழையோடு ஓடிப் பரவாமல் அது பிடித்துவைக்கும். தண்ணீராகக் கரைத்த பால்மாவில் நனைத்த துணியில் கோடு பூரான் கால் மாதிரிப் பக்கவாட்டில் ஊறும். தூள் கலந்த பாலில் துணியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, பிழிந்து, நிலத்தில் பாயின்மேல் விரித்து வெயிலில் காயவிடவும். கொடியில் போட்டால் பால் கீழ் விளிம்புக்கு இறங்கி அங்கே மஞ்சள் கூடும். இந்தக் கட்டத்தில் எதுவும் இரும்பில் படக்கூடாது. இரும்பு வாளி, துருக்கம்பி, இரும்புச்சத்துள்ள குழாய்க்கிணற்றுத் தண்ணீர், எது பட்டாலும் துணி சாம்பல் பூக்கும், பிறகு போகாது.

எழுதுகோலுக்கு 15 சென்ரிமீற்றர் மூங்கில் குச்சியைக் கூராக்கி, நுனியிலிருந்து 2 சென்ரிமீற்றர் மேலே பருத்தித் துணிக் கீலத்தைச் சுற்றி, நூலால் இறுக்கவும். சுற்று ஒரு நெல்லிக்காய் அளவுக்கு இருக்கட்டும். அதுதான் மைக்கூடு. ஊறிய இரும்புத் தண்ணீர்தான் மை. அதில் தோய்த்து, ஒருதரம் வீண்துணியில் ஒற்றிவிட்டு எழுத வேண்டும். மெல்ல அழுத்தினால் மை இறங்கும். கோடு முதலில் வெளிறிய சாம்பல் நிறத்தில் விழுந்து, கண்முன்னே கறுத்துக்கொண்டு வரும். துணியிலிருக்கிற கடுக்காய்த் துவர்ப்பும் மையிலிருக்கிற இரும்பும் சந்திப்பதால் வருகிற கறுப்பு அது. பிளேன்ரீயில் பார்த்ததும் இதைத்தான். பள்ளிக்கூடச் சீருடை வெள்ளை என்பதை மறக்கவேண்டாம். இந்தக் கறை தோய்த்துப் போகிற சாதி இல்லை. வீட்டுச் சட்டை கொண்டுவராத பிள்ளைக்கு அன்றைக்கு இடிக்கிற வேலையைக் கொடுங்கள்.

ஒரு நாள் காயவிட்டு, வாய்க்காலிலோ தாராளமான கிணற்றுத் தண்ணீரிலோ விரித்துப் பிடித்து அலசவும். கசக்கினால் மிச்ச மை மற்ற இடங்களில் ஒட்டும். இரும்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்துக் கடுமையாக்கினால் கறுப்புக் கூடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படிச் செய்த துணியில் நாளடைவில் கோடு இருந்த இடமே இற்றுப்போகும். வெளிறினால் ஒரு தரம் காயவிட்டு மேலால் திரும்ப எழுதுவதே சரி.

ஒரு கதையை நீளமாக வரைதல்

கண்டிக்குக் கிட்ட இருக்கிற தெகல்தொருவ விகாரையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் கதை நீளமான பட்டிகளாக ஓடும். ஒரே ஆள் ஒரே பட்டியில் திரும்பத் திரும்ப வருவார். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் கட்டம் கிடையாது, ஒரு மரமோ வாசலோ பிரிக்கும். பின்புலம் சிவப்பு. தூரம், கிட்ட என்ற கணக்கு இல்லை. வெறுமையான இடத்தில் பூக்கள் மிதக்கும்.

முல்லைத்தீவில் இதற்கென்றே ஒரு கதை இருக்கிறது. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் வந்த கிழவி, அவர்கள் போட்ட கொட்டில், பொங்கிய புக்கை, எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் எரிந்த விளக்கு, பேன் பார்த்த தலையில் தெரிந்த கண்கள். வற்றாப்பளைக் கண்ணகியின் இந்தக் கதை ஐந்து காட்சியாகத் தானே பிரிந்து கிடக்கிறது. மன்னார்ப் பக்கத்து வகுப்பில் மாந்தையிலிருந்து மடுவுக்கு மாதா சுரூபம் போன பயணத்தை எடுக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக வேண்டுமென்றால் விதைப்பிலிருந்து வீடு வரும்வரை நெல்லின் கதை.

டிமை தாளை நீளவாக்கில் வெட்டி ஒட்டி, 25 சென்ரிமீற்றர் உயரம், 2 மீற்றர் நீளம் வரப் பட்டி செய்யவும். ஐந்து பேருக்கு ஒரு பட்டி. வழக்கமாக வருகிற பிழை, ஐந்து பேர் வரைந்த கிழவி ஐந்து கிழவிகளாக இருப்பது. ஆகவே வரைய முதல் குழுவாக ஒரு கிழவியை முடிவுசெய்து, பிறிஸ்டல் போட்டில் வெட்டி, எல்லோரும் அதைச் சுற்றிக் கீறவேண்டும். உடுப்பின் நிறமும் மாறக்கூடாது. இரண்டாவது பிழை, மூலையில் சூரியனும் நடுவில் அடிவானக் கோடும். கை தானாகப் போடும். சிவப்பை முதலே முழுத்தாளிலும் பூசிவிட்டால் சூரியன் வைக்க ஆகாயம் இருக்காது, பிரச்சினை முடிந்தது. பூசினதும் தாள் சுருளும். காய்ந்தபின் பின்பக்கத்தை லேசாக நனைத்துப் பலகைக்கடியில் ஒரு இரவு பாரம் வைக்க நேராகும்.

சுருக்கமாகச் சில

பிரெஞ்சு ஓவியர் மட்டிஸ் (1869–1954) 1941இல் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நின்று தீட்ட முடியாமல், நிறம் பூசிய தாளைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படம் செய்தார். ‘நத்தை’ 1953இல் அப்படி வந்தது. விதி ஒன்றுதான்: பென்சில் தொடக்கூடாது. முதல் பாடவேளையில் தாளுக்கு நிறம் பூசுவது, அடுத்ததில் வெட்டுவது. கத்தரிக்கோல் அசையாமல் நிற்க, தாளைத் திருப்பவேண்டும். கரையொதுங்கிய சாதாளை, தாமரை இலை, எருக்கலை என்று வளைவுள்ள எதையும் பார்த்து வெட்டலாம். வெட்டி விழுந்த மிச்சத் துண்டை எறியவிடக் கூடாது, பாதிப் படம் அதில்தான் இருக்கும். கோதுமை மாப் பசைக்கு 1 பங்கு மா, 5 பங்கு தண்ணீர். பூச்சி வராமலிருக்கத் துருசு போடுகிற வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடுகிற பசையில் வேண்டாம்.

ஜோர்ஜ் கீற் (1901–1993), 1943இல் தொடங்கிய இலங்கை ஓவியர்களின் ‘43 குழு’வில் ஒருவர். ஒரே முகத்தில் நேர்ப்பார்வையையும் பக்கப்பார்வையையும் கோட்டால் இணைத்து வரைந்தவர். பட்டம் கட்டுகிற ரிசு தாள் இரண்டில் ஒரே ஆளின் முகத்தை நேராகவும் பக்கமாகவும் வரைந்து, யன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூன்றாவது தாளில் கை எடுக்காமல் ஒரே கோடாக எடுக்கச் சொல்லுங்கள். மூக்குக் கோடு இரண்டுக்கும் பொதுவாக அமைந்தால் மற்றதெல்லாம் அமையும்.

கேத்தே கொல்விட்ஸ் (1867–1945) ஜெர்மன்காரி. இளைய மகனை 1914இல் போரில் இழந்தவர். கரியாலும் மரச்செதுக்காலும் தாய்மாரை வரைந்தார். இங்கே இவரை அறிமுகப்படுத்தும்போது ‘போர்’ என்று தலைப்புக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் போட்டிக்கு வரைகிற ஹெலியும் தீயும்தான் வரும், அல்லது வீட்டில் பேசாத ஒன்றை வகுப்பில் எல்லோர் முன்னாலும் கிளறியதாகும். பிள்ளை தானாக வரைந்தால் தடுக்கவும் வேண்டாம், விளக்கம் கேட்கவும் வேண்டாம். கொடுக்க வேண்டிய தலைப்பு கை. அம்மம்மா சுளகில் கல் பொறுக்குகிற கை, வலை முடிகிற கை. முகம் தாளுக்கு வெளியே.

கரிக்கு, தோல் சீவி ஒரு கிழமை காய்ந்த பூவரசு, கிளுவைச் சுள்ளிகளைப் பால்மாப் பேணியில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணித்துளை ஒன்று போட்டு மூடி, அடுப்பில் ஒரு மணித்தியாலம். துளைப் புகை நின்றதும் எடுத்து, முழுக்க ஆறியபின் மட்டும் திறக்கவும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகும். பாலை, வீரை போன்ற வைரமரக் கரி தாளைக் கீறும். வரைந்ததை நிலைப்படுத்த ஆடை நீக்கிய பாலைச் சரிபாதி தண்ணீர் கலந்து, ஒரு முழத் தூரத்திலிருந்து பூப்போலத் தெளித்தால் போதும்.

மண்வேலையும் கலம்காரியும் வெயிலுள்ள மாதங்களுக்கு. மாரி தொடங்கியதும் மண்பலகை ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், அப்போது கரியும் கத்தரிக்கோலும். பலகைகளை நிலத்தில் சாத்திவைக்கக் கூடாது. சாக்கு, பலகை, அரிசிக் கூழ் என்று கறையானுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கல்லுக்கு மேல் கம்பு போட்டு அடுக்கி, கிழமைக்கொருக்கா அடிப்பக்கத்தைப் பாருங்கள். மிச்ச இரும்புத் தண்ணீரை வடித்துப் பிளாஸ்ரிக் போத்தலில் மூடியைத் தளர்வாக விட்டு வைக்கலாம். அடுத்த வகுப்புக்கு எடுக்க முதல் திரும்பவும் பிளேன்ரீயில் இரண்டு துளி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.